எழுத்தாலயே வரைஞ்ச சாமி படம்: பிரிண்ட் வாங்கலாமா, ஆர்டிஸ்ட் கிட்ட சொல்லலாமா, நாமளே எழுதிடலாமா?

தூரத்துல நின்னு பார்த்தா வேலோட நிக்கிற முருகர், கிட்ட போய் பார்த்தா வரைஞ்ச கோடே கிடையாது, எல்லாமே கந்த சஷ்டி கவசம், வரி வரியா பொடி எழுத்துல எழுதி அதுலயே கண்ணு மூக்கு மயில் எல்லாம் வந்திருக்கும். இந்த மாதிரி படம் இப்ப கல்யாணம், மணிவிழா, கிரகப்பிரவேசம்னு எல்லா இடத்துலயும் கிப்ட்டா வருது. ஆனா வாங்கலாம்னு உக்காந்தா குழப்பம் ஆரம்பிச்சிடும். பிரேமோட ரெடியா பிரிண்ட் கிடைக்குது, இன்ஸ்டாகிராம்ல கையால எழுதித் தர்ற ஆர்டிஸ்டுங்க இருக்காங்க, இதுக்கு நடுவுல வீட்டுல யாராவது "ஏன், நாமளே எழுதினா என்ன"ன்னு கேட்டு வைப்பாங்க. இந்த மூணையும் எது யாருக்கு சரிப்படும்னு ஒப்பிட்டு எழுதறேன், கூட நாலாவதா ஒண்ணு இருக்கு, அதை முக்கால்வாசி பேர் யோசிக்கிறதே இல்ல.

முதல்ல படத்தை எங்க மாட்டப் போறீங்கன்னு முடிவு பண்ணுங்க. காமெடி பண்றேன்னு நினைக்காதீங்க, பாதி பதில் இதுலயே வந்துடும். நம்ம வீடுங்கள்ல சாமி படம்னா வாசக்காலுக்கு மேல, இல்லன்னா பூஜை ஷெல்ப்போட மேல் தட்டு, தரையில இருந்து ஏழடி எட்டடி உயரத்துல. அங்க கொண்டு போய் 2 மி.மீ. எழுத்து படத்தை மாட்டினா யார் படிப்பா? கிட்டப் போகவே முடியாது. அந்த இடத்துக்குன்னா சாதாரண சாமி படமோ தஞ்சாவூர் பெயின்டிங்கோ வாங்குங்க, அழகா இருக்கும், காசும் வீணாகாது. எழுத்துப் படம்னா கண்ணுக்கு நேரா இருக்கணும், நின்னு பார்க்க இடம் வேணும், பக்கத்துல நல்ல வெளிச்சம் வேணும். அதோட வாங்கிக்கிறவங்க வயசையும் யோசிங்க, மணிவிழா கொண்டாடுறவங்களுக்கு வெள்ளெழுத்து கண்டிப்பா இருக்கும், கண்ணாடி போட்டாலும் ஒன்றரை மி.மீ. எழுத்து அவங்களுக்கு வெறும் சாம்பல் கலர் நிழல்தான். எங்க பெரியம்மா ஒரு படத்தை ரொம்ப நேரம் பார்த்துட்டு, "நல்லாத்தான்டா இருக்கு, ஆனா இது கவசம்னு நீ சொல்றதாலதான் நம்புறேன்"னு சொன்னாங்க. அதைவிட கரெக்டான விமர்சனம் இந்த விஷயத்துல நான் கேட்டதில்ல.

இப்ப பிரிண்ட். விலை கம்மி, ரெண்டு நாள்ல வீட்டுக்கு வந்துடும், பத்து பேருக்கு ஒரே மாதிரி கொடுக்கணும்னா வேற வழியும் இல்ல. பிரச்சனை என்னன்னா இதுல நிறைய படம் தமிழ் தெரியாதவங்க டிசைன் பண்ணினது. டிசைன் சாப்ட்வேர்ல இந்திய மொழிகளுக்கான செட்டிங் போடாம தமிழை பேஸ்ட் பண்ணினா கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கம்னு பிரிஞ்சு நிக்கும், "கொ"வுக்கு முன்னாடி இருக்க வேண்டிய கொம்பு பின்னாடி போய் நிக்கும், "ஸ்ரீ" மூணு துண்டா உடையும், புள்ளி தனியா ஒரு வட்டத்து மேல உக்காந்திருக்கும். தூரத்துல இருந்து யாருக்கும் தெரியாதுதான், ஆனா கிட்ட போய் படிக்கணும்ங்கறதுக்காகத்தான இந்தப் படத்தையே வாங்குறோம். இப்ப ஏஐ-ல செஞ்ச படங்களும் வந்துடுச்சு, அதுல பல நேரம் எழுத்து மாதிரி ஏதோ இருக்கும், எந்த மொழின்னே சொல்ல முடியாது. இன்னொரு வகை இருக்கு, எழுத்தெல்லாம் சரியா இருக்கும், ஆனா கவசத்தோட முதல் பத்து வரியை மட்டும் காப்பி பண்ணி காப்பி பண்ணி படம் முழுக்க நிரப்பியிருப்பாங்க. முருகரோட முழங்கால்லயும் "சஷ்டியை நோக்க", மயில் தோகையிலயும் "சஷ்டியை நோக்க".

அதனால பிரிண்ட் வாங்குறதா இருந்தா விக்கிறவங்க கிட்ட ஒரு ஓரத்தை பெருசாக்கின போட்டோ கேளுங்க, அதுல நாலு வரி தொடர்ச்சியா படிக்க முடியுதான்னு பாருங்க, முடியலன்னா விட்டுடுங்க. ப்ளெக்ஸ் பேனர்ல மட்டும் வேண்டவே வேண்டாம், அது இருபதடி தூரத்துல இருந்து பார்க்கிறதுக்காக அடிக்கிறது, சின்ன எழுத்தெல்லாம் புள்ளி புள்ளியா உடைஞ்சு போயிடும். அபார்ட்மென்ட் கொலுவுக்கு வர்றவங்களுக்கு கொடுக்க, ஆபீஸ்ல ஆளுக்கு ஒண்ணு கொடுக்கன்னா நல்ல பிரிண்ட் போதும். சொந்த அப்பா அம்மாவுக்கு, அதுவும் அறுபதாம் கல்யாணத்துக்குன்னா எனக்கு பிரிண்ட்ல மனசு ஒப்பாது.

ஆர்டிஸ்ட் கிட்ட சொல்றதுன்னு வந்தா நீங்க கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை இல்ல, "முழு பாட்டும் வருமா, இல்ல நிரப்புறதுக்கு எழுதுவீங்களா?" இது ரெண்டும் ரெண்டு வேலை. முழு பாட்டுன்னா ஆரம்பம் ஒரு இடம், முடிவு ஒரு இடம், நடுவுல ஒரு வரி விடக்கூடாது, ஒரு வரி ரெண்டு தடவை வரக்கூடாது, படமும் சரியா அந்த இடத்துல முடியணும். நிரப்புறதுன்னா எங்க கருமை வேணுமோ அங்க நெருக்கமா, எங்க வெளிச்சம் வேணுமோ அங்க விட்டு விட்டு எழுதலாம், பாட்டு எந்த வரில நின்னாலும் கவலை இல்ல. ரெண்டும் தப்பில்ல, ஆனா முதல்ல சொன்னதுக்கு உழைப்பு ரொம்ப அதிகம், விலையும் அப்படித்தான் இருக்கணும். முழுப் பாட்டுன்னு காசு வாங்கிட்டு நிரப்பிக் கொடுத்தா அது நியாயமில்ல. எங்களுக்கு அப்படி ஒரு படம் வந்தது, லென்ஸ் வச்சு தேடினப்பதான் தெரிஞ்சது கவசத்தோட பின்பாதியே அதுல இல்லன்னு, யாருன்னு சொல்ல விரும்பல.

இந்தக் கலை உலகத்துல பல இடத்துல இருந்திருக்கு, முழுசா எழுதறதைக் கெத்தா நினைச்சவங்களும் இருந்திருக்காங்க. ஜெர்மனில 1674ல பிறந்த மத்தியாஸ் புகிங்கர்னு ஒருத்தர், பிறவியிலயே கையும் இல்ல காலும் இல்ல, அவர் 1724ல வரைஞ்ச தன்னோட படத்துல தலைமுடிச் சுருளை உத்துப் பார்த்தா பைபிளோட ஏழு சங்கீதமும் கர்த்தருடைய ஜெபமும் எழுதியிருக்கு. யூதர்கள் கிட்ட இது இன்னும் பழசு. அவங்க வேதத்தை பிரதி எடுக்கும்போது ஓரத்துல எழுதற குறிப்புகளை பொடி எழுத்துல கோலம் மாதிரி சுத்தி சுத்தி எழுதுவாங்க, ரஷ்யாவுல செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நூலகத்துல இருக்கிற 1008-ம் வருஷத்து சுவடியில அப்படி பக்கம் பக்கமா இருக்கு. அரபு எழுத்துல தூசி அளவு சின்னதா எழுதறதுக்குன்னே குபார்னு ஒரு தனி எழுத்து வகையே உண்டு, புறா கால்ல கட்டி அனுப்புற கடிதத்துக்கும் அதுதான், உள்ளங்கைக்குள்ள அடங்குற குர்ஆனுக்கும் அதுதான்.

ஆர்டிஸ்ட் கிட்ட இன்னும் ரெண்டு விஷயம். ஒண்ணு, அவங்க முன்னாடி செஞ்ச வேலையை ஒரு ரூபா காசு பக்கத்துல வச்சு எடுத்த போட்டோ கேளுங்க, அப்பதான் எழுத்து உண்மையிலயே எவ்வளவு சின்னதுன்னு புரியும். ரெண்டாவது, எந்தப் புத்தகத்து பாடம்னு நீங்களே கொடுங்க, டைப் பண்ணி, பிழை பார்த்து. இணையத்துல கிடைக்கிற கவசத்துல பிழை ஏராளம், அவங்க அதைப் பார்த்து அப்படியே எழுதிடுவாங்க, அப்புறம் அவங்களை குத்தம் சொல்லி புண்ணியம் இல்ல. "காக்க காக்க"ல ஒரு கால் விட்டுப் போச்சுன்னா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க, கதிர்வேல் வந்து கக்க ஆரம்பிச்சிடும். சிரிக்காதீங்க, பிரேம் போட்டு மாட்டின படத்துல அப்படி பார்த்திருக்கேன்.

சரி, நாமளே எழுதறது. என் ஓட்டு இதுக்குத்தான், அதை ஒளிச்சு வைக்கல. வரையத் தெரியாதேன்னுதான் எல்லாரும் பின்வாங்குவாங்க, ஆனா இதுல வரையறது சின்ன பங்கு, ஒரு அவுட்லைனை டிரேஸ் பண்ணிக்கலாம், மீதியெல்லாம் எழுதறதுதான். எழுதறது நம்ம ஆளுங்களுக்கு புதுசா என்ன? ஸ்ரீராமஜெயம் நோட்டு எழுதாத வீடு எது? பரீட்சைக்கு முன்னாடி நூத்தியெட்டு எழுதி, அதை மடிச்சு மாலையா கட்டி ஆஞ்சநேயருக்குப் போட்டவங்கதான நாம. லிகித ஜபம்னு பெரியவங்க சொல்றது இதைத்தான், எழுதி முடிச்ச காகிதத்தைவிட எழுதின நேரத்துக்குத்தான் அதுல மதிப்பு. அந்த மதிப்பை பிரிண்ட்ல வாங்க முடியாது, ஆர்டிஸ்ட் எழுதினா அந்த நேரம் அவரோடது.

ஆனா எந்த டெக்ஸ்ட்ங்கறதுல நிறைய பேர் தடுக்கி விழுவாங்க, அதனால இங்க கொஞ்சம் கணக்கு போடலாம். 2 மி.மீ. அகலம், வரிக்கு வரி இரண்டரை மி.மீ. இடைவெளின்னு வச்சா ஒரு எழுத்துக்கு 5 சதுர மி.மீ. வேணும். ஸ்ரீராமஜெயம்னா ஆறு எழுத்து, 30 சதுர மி.மீ. 1008 தடவை எழுதினா ஒரு ஏ4 தாள்ல பாதி நிரம்பும், அது ஒரு ஆஞ்சநேயர் உருவத்துக்கு தாராளம். 10,008 தடவைன்னா ஏ4 மாதிரி அஞ்சு தாள் இடம், அதாவது ஏ1 சார்ட்ல பாதிக்கு மேல நிரப்புற ஒரு பெரிய உருவம், நிமிஷத்துக்கு 15 எழுத்துன்னு நிதானமா எழுதினா 60 மணி நேரத்துக்கு மேல ஆகும். லட்சத்தெட்டு எழுதி ஒரே படமா பண்ணப் போறேன்னு கிளம்பாதீங்க, அதுக்கு கிட்டத்தட்ட ஆறடிக்கு ஆறடி சுவரே வேணும். லட்சம் எழுதணும்னா நோட்டுல எழுதுங்க, படத்துக்கு ஆயிரத்தெட்டு.

நாமத்தை திருப்பித் திருப்பி எழுதறதுல பெரிய வசதி, எங்க வேணா நிறுத்தலாம். கன்னத்துல வெளிச்சம் வேணுமா, அங்க நாலு நாமத்தோட விட்டுடு, முடி கருப்பா வரணுமா, ஒண்ணு மேல ஒண்ணா நெருக்கு. ஆஞ்சநேயரை ராம நாமத்தால நிரப்புறது அர்த்தத்துலயும் சரியா உக்காருது, அவர் உடம்பு முழுக்க அதுதானே ஓடுது. குழந்தைகளை கூட வச்சு எழுத இதைவிட நல்லது கிடையாது, ஆளுக்கு உருவத்துல ஒரு பாகம் கொடுத்துட்டா போதும், கையெழுத்து மாறினாலும் தெரியாது.

கவசம் மாதிரி முழு பாட்டு வேற ஜாதி. தேவராய சுவாமிகள் எழுதினது, இருநூறு வரிக்கு மேல, வரிக்கு பதினஞ்சு எழுத்துன்னு தோராயமா வச்சாலும் மூவாயிரத்து ஐந்நூறு எழுத்தைத் தொடும். அதை 2 மி.மீ. எழுத்துல ஏ4-லயே அடக்கிடலாம், ஆனா நான் ஏ3 தான் சொல்வேன், எழுத்தை 3 மி.மீ. ஆக்கலாம், மணிவிழா தம்பதிக்கு கண்ணாடி போட்டா படிக்க வரும். ஆபத்து என்னன்னா கவசம் முடியறதுக்கும் படம் முடியறதுக்கும் ஒத்து வரணும். மயிலோட கழுத்து வரைக்கும் வந்தப்ப "சரணம் சரணம் சரவணபவ ஓம்" வந்துட்டா மீதி மயிலுக்கு என்ன எழுதுவீங்க? அதனால பென்சில்ல உருவத்தை பாகம் பாகமா பிரிச்சு, ஒவ்வொரு பாகத்துக்கும் எத்தனை வரின்னு முன்னாடியே பங்கு போட்டு, டிரேசிங் பேப்பர்ல ஒரு தடவை கிறுக்கலா எழுதிப் பார்த்துட்டுதான் நல்ல தாள்ல கை வைக்கணும். பாகம் பாகமா போறதுல இன்னொரு லாபம், ஒரு வரி விட்டுட்டோம்னா அந்தப் பாகத்துக்குள்ளயே கண்டுபிடிச்சிடலாம், கடைசில போய் தலையில கை வைக்க வேண்டாம். இந்தப் பாட்டுல வதனம், நெற்றி, கண்ணுன்னு ஒவ்வொரு உறுப்பா சொல்லி வேல் காக்கணும்னு வேண்டுற பகுதி இருக்கில்ல, அதை முருகரோட உடம்புல அந்தந்த உறுப்புல எழுதலாமேன்னு எல்லாருக்கும் தோணும். ஆனா அங்க காப்பாத்தச் சொல்றது நம்ம கண்ணை நம்ம நெத்தியை, சாமியோடதை இல்ல. அதனால அந்தப் பகுதி முழுசையும் வேலுக்குள்ள எழுதிடுங்க, காக்குறது அதுதான. வேலும் நல்லா அடர்த்தியா எடுப்பா வரும்.

முதல் தடவை பண்றவங்களுக்கு நான் கவசம் சொல்ல மாட்டேன், விநாயகர் அகவல் சொல்வேன். 72 வரி, ஆயிரத்து சொச்சம் எழுத்து, அவ்வளவுதான். அதை ஏ4-ல எழுதினா ஒரு எழுத்துக்கு 20 சதுர மி.மீ. வரைக்கும் இடம் கிடைக்கும், அதாவது கிட்டத்தட்ட நம்ம சாதாரண கையெழுத்து, பாட்டிகூட படிச்சிடுவாங்க. பிள்ளையார் உருவம் வேற ரொம்ப தாராளமானது, தொப்பை கொஞ்சம் கோணினாலும் பிள்ளையார்தான். இதுல எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம், ஔவையார் அந்தப் பாட்டை ஆரம்பிக்கிறதே பாதத்துல இருந்து. சீதக் களபச் செந்தாமரைப்பூம் பாதச் சிலம்புன்னு தொடங்கி, இடுப்புல பொன்னரைஞாண், அப்புறம் பேழை வயிறு, தந்தம், வேழ முகம், நெத்தி சிந்தூரம், அஞ்சு கரம்னு கீழ இருந்து மேல போகுது. அப்ப நீங்களும் கீழ இருந்து எழுதுங்க. சிலம்பு வரியை கணுக்கால்ல சுத்தி வளைச்சு எழுதி, "பேழை வயிறும்" வரும்போது வயித்துல ஒரு பெரிய வளைவு போட்டு, "வேழ முகமும்"ங்கறதை தும்பிக்கையோட நெளிவுல கொண்டு போனா படிக்கிறவங்க விரலால தொட்டுக்கிட்டே படிச்சுட்டு மேல போவாங்க. இந்த வர்ணனை பத்து பதினஞ்சு வரிக்குள்ள முடிஞ்சிடும், அதுக்கப்புறம் யோகம் ஞானம்னு பாட்டு உள்ள போயிடும், அந்த வரிகளை பின்னாடி திருவாசிக்கு, உக்காந்திருக்கிற பீடத்துக்கு, மூஞ்சூறுக்குன்னு பிரிச்சுக்கலாம். எந்த கம்ப்யூட்டர் பிரிண்டும் இதை செஞ்சு நான் பார்க்கல, ஏன்னா அங்க யாரும் பாட்டை படிச்சிட்டு டிசைன் பண்றதில்ல.

எழுத்து எவ்வளவு சின்னதா போகலாம்னு சோதிக்க ஒரு வழி இருக்கு. "சரவணபவ"ன்னு எழுதிப் பாருங்க. அதுல "ண"வோட சுழி மூணும் தனித்தனியா தெரிஞ்சா அந்த சைஸ் உங்க கைக்கு சரி, சுழிக்குள்ள மை நிறைஞ்சு ஒரே கருப்புத் திட்டா ஆயிடுச்சுன்னா ஒரு சுத்து பெருசாக்குங்க. ராம நாமம் எழுதறவங்க "ஜெ"வை வச்சு பாருங்க, ஜ-வோட உள் வளைவு அடைச்சுக்கும். புள்ளி அடுத்த தலைவலி, பேனா தொட்ட இடத்துல விழுந்த மைப்புள்ளியும் மெய்யெழுத்துப் புள்ளியும் ஒண்ணு மாதிரியே இருக்கும், அதனால புள்ளியெல்லாம் ஒரு வரி முடிஞ்சப்புறம் மொத்தமா வைக்கிறது நல்லது. அந்தக் காலத்துல ஓலைச்சுவடில புள்ளியே வைக்காம எழுதிட்டுப் போனாங்க, நமக்கு அந்த சலுகை கிடையாது.

பேனாவுக்கு பிக்மென்ட் இங்க் (சட்டுன்னு வெளிறாத நிறமி மை) இருக்கிற பைன்லைனர்தான், அதாவது ரொம்ப மெல்லிசு முனைப் பேனா. சகுரா பிக்மா மைக்ரான்ல 003 நம்பர் 0.15 மி.மீ. கோடு, 005 நம்பர் 0.20 மி.மீ., ரெண்டுல ஆரம்பிக்கிறவங்களுக்கு 005, ஏன்னா 003-ஓட முனை கொஞ்சம் அழுத்தினாலே மடங்கிடும். அழுத்தமா வேண்டிய இடத்துக்கு 01-ம் ஒண்ணு வாங்கிக்கங்க. பால்பாயின்ட், கடைல அஞ்சு ரூபாய்க்கு விக்கிற ஜெல் பேனா ரெண்டும் வேண்டாம், வெயில் பட்டா வெளிறிடும், கை வேர்வையில இழுகிடும். ராட்ரிங் மாதிரி டெக்னிக்கல் பேனா அருமையா எழுதும், ஆனா ஒரு வாரம் சும்மா வச்சா அடைச்சுக்கும், கழுவற பொறுமை இருந்தா மட்டும் வாங்குங்க. தாள் வழவழப்பா இருக்கணும், பிரிஸ்டல் போர்டுங்கற கெட்டித் தாள் 250 ஜிஎஸ்எம்-க்கு (தாளோட கனத்தை சொல்ற எடைக் கணக்கு) மேல இருந்தா தப்பா எழுதினதை பிளேடு முனையால லேசா சுரண்டவும் முடியும். சொரசொரப்பான வாட்டர்கலர் தாள்ல நார் முனையில சிக்கி எழுத்து பிசிறும், ஸ்டேஷனரி கடை சார்ட் பேப்பர் சில வருஷத்துல பழுப்பாயிடும். கைக்கு கீழ ஒரு வெள்ளைத் தாள் வச்சுக்கங்க, வேர்வை படாம இருக்க. ஒரு நேரத்துல அரை மணிக்கு மேல எழுதாதீங்க, கண்ணு அசந்து போறதோட எழுத்தும் தானா பெருசாயிட்டே போகும்.

ஆரம்பத்துல சொன்ன நாலாவது வழி சித்திரகவி. பொடி எழுத்தே வேண்டாம், பாட்டே உருவமா கட்டப்பட்டிருக்கும். திருமங்கையாழ்வார் கும்பகோணம் ஆராவமுதனைப் பாடின திருவெழுகூற்றிருக்கை ஒண்ணு ரெண்டு ஒண்ணுன்னு எண்ணிக்கை ஏறி ஏறி இறங்குற பாட்டு, ஒண்ணுல ஆரம்பிச்சு ஏழு வரைக்கும், அதை அடுக்கி எழுதினா தேர் வடிவம் கிடைக்கும். சுவாமிமலை முருகன் மேல அருணகிரிநாதரும் ஒண்ணு பாடியிருக்கார். பாம்பன் சுவாமிகளோட சஸ்திர பந்தம் இன்னும் சின்னது, ஒரே வெண்பா, வேல் படத்துக்குள்ள கட்டம் கட்டமா எழுத்தைப் போட்டா சில எழுத்து ரெண்டு வழியில பொதுவா வந்து பாட்டு முழுசா உக்காந்திடும். அவரே மயூர பந்தமும் பாடியிருக்கார், அது மயில். இதெல்லாம் கொட்டை எழுத்துல எழுதலாம், பத்தடி தூரத்துல இருந்தும் படிக்கலாம், வெள்ளெழுத்து பிரச்சனையே இல்ல, ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானத்துல முடிச்சிடலாம். பார்த்த உடனே ஆச்சரியப்பட வைக்கிறதுல பொடி எழுத்து படம்தான் ஜெயிக்கும், அதை ஒத்துக்கறேன், ஆனா வயசானவங்க தினம் விளக்கேத்திட்டு படிக்கிற இடம்னா நான் வேல் பந்தத்துக்குத்தான் போவேன். இந்தப் பாட்டுகளை மட்டும் நல்ல பதிப்பைப் பார்த்து எழுதுங்க, ஒரு எழுத்து மாறினாலும் கட்டம் உடைஞ்சிடும்.

அண்ணன் தம்பி நாலு பேர் வீட்டுக்கும் வேணும்னா கையால ஒண்ணு எழுதி, ஸ்கேன் பண்ணி, மத்தவங்களுக்கு பிரிண்ட் கொடுக்கலாம், இது நல்ல சமரசம். போன்ல போட்டோ எடுத்து பிரிண்ட் போடாதீங்க, மங்கிடும். 300 டிபிஐ-ல, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளின்னு, ஸ்கேன் பண்ணினா 0.20 மி.மீ. கோட்டுக்கு ரெண்டு புள்ளிதான் கிடைக்கும், எழுத்து உடையும், 600-ல அஞ்சு புள்ளி, அது போதும். அசல் யார் வீட்டுக்குங்கற சண்டையை நீங்களே பார்த்துக்கங்க.

பிரேம் போடும்போது கண்ணாடி தாள்ல ஒட்டக்கூடாது, நடுவுல மவுன்ட் போர்டு வச்சு இடைவெளி விடச் சொல்லுங்க, கடற்கரை ஊர் ஈரத்துக்கு தாள் கண்ணாடியோட ஒட்டிக்கிட்டா பிரிக்கும்போது எழுத்தும் சேர்ந்து வரும். பின்பக்கம் டேப் போட்டு நல்லா மூடணும், இல்லன்னா இராமபாணப் பூச்சி உள்ள போயிடும். குங்குமம் சந்தனம் கண்ணாடி மேல வைக்கிறதா இருந்தா எழுத்து இல்லாத ஓரமா ஒரு இடத்தை படத்துலயே விட்டு வச்சுக்கங்க, இல்லன்னா வர்ற வெள்ளிக்கிழமையே சாமி நெத்தியில அகவலோட அஞ்சு வரி மறைஞ்சிடும். விளக்குக்கு நேர் மேல மாட்டாதீங்க, எண்ணெய்ப் புகை கண்ணாடியை மஞ்சளாக்கும்.

நேரத்துக்கு வரணும்னா இப்படி கணக்கு வச்சுக்கங்க. அகவல் ஒரு மணி நேரத்துக்கு கொஞ்சம் மேல எழுதற வேலை, ஆடி கடைசில உக்காந்தாலும் ஆவணி சதுர்த்திக்கு பிரேமோட வந்துடும். கவசம் சுத்தமா எழுதறதுக்கே நாலு மணி நேரம், பங்கு போடறது, ஒத்திகை எல்லாம் சேர்த்தா தினம் அரை மணின்னு ஒரு மாசம் வச்சுக்கங்க, ஐப்பசி கந்த சஷ்டிக்குன்னா புரட்டாசி பொறக்கும்போதே அவுட்லைன் தயாரா இருக்கணும். ஆர்டிஸ்ட் கிட்ட கொடுக்கிறதா இருந்தா ஆடியிலயே சொல்லிடுங்க, நவராத்திரி தீபாவளி ஆர்டர் எல்லாம் அவங்களுக்கும் அதே நேரத்துலதான் வந்து குவியும்.